கோவா விந்தாலு: வினிகரில் ஊறி வேகும் பன்றிக்கறி

விந்தாலு என்றதும் நாக்கைப் பொசுக்கும் காரம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். கோவாவில் ஒரு கத்தோலிக்க வீட்டின் கிறிஸ்துமஸ் விருந்தில் அதைச் சாப்பிட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வாயில் வைத்ததும் முதலில் தெரிவது புளிப்பு. அதன் பின்னாலேயே பூண்டும் சீரகமும் வரும். காரம் கடைசியாக வந்து தொண்டையில் இதமாகத் தங்கும். நிறம் மட்டும் செக்கச்செவேல் என்று இருப்பதால் பார்ப்பவர்கள் பயந்துபோகிறார்கள். விந்தாலுவின் உயிர் வினிகரில் இருக்கிறது. நல்ல வினிகரும் இரண்டு நாள் பொறுமையும் இருந்தால் எந்த வீட்டு அடுப்பிலும் இதைச் செய்யலாம். சமையலில் தேர்ந்த கை வேண்டும் என்பதில்லை.

இந்தக் கறி எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் செய்முறையில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். போர்ச்சுகீசியர் 1510இல் கோவாவைப் பிடித்தார்கள். 1961 டிசம்பரில்தான் வெளியேறினார்கள். அவர்களுடைய நாட்டில் பன்றி இறைச்சியைத் திராட்சை மதுவிலும் பூண்டிலும் ஊறவைத்துச் சமைக்கும் பழக்கம் உண்டு. மதேய்ரா தீவில் இன்றும் கிறிஸ்துமஸுக்கு அதைச் செய்கிறார்கள். மாதக்கணக்கில் நீளும் கப்பல் பயணத்தில் இறைச்சி கெடாமல் இருக்க அந்த முறை உதவியது. கோவாவில் திராட்சைத் தோட்டம் இல்லை. திரும்பிய பக்கமெல்லாம் தென்னை இருந்தது. கள்ளைப் புளிக்கவைத்து எடுத்த வினிகர் மதுவின் இடத்துக்கு வந்தது. அமெரிக்கக் கண்டத்தின் மிளகாயையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்தான். அதோடு மிளகு, பட்டை, கிராம்பு, சீரகம் எல்லாம் சேர்ந்து கோவாப் பெண்களின் அம்மியில் புது உருவம் எடுத்தன.

ஆக, இது பிறவியிலேயே கெடாமல் வைத்துச் சாப்பிடுவதற்கான கறி. இதை மனதில் வைத்துக்கொண்டால் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. சீக்கிரம் ஊசிப்போகும் எதற்கும் இதில் இடமில்லை. தேங்காய்ப்பால் வேண்டாம், தக்காளி வேண்டாம், கொத்தமல்லித்தழை வேண்டாம். மசாலா அரைக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். உருளைக்கிழங்கும் வேண்டாம். ஆங்கிலேயர் காலத்தில் கோவாச் சமையற்காரர்கள் அவர்களுடைய வீடுகளில் வேலைக்குப் போக, அவர்கள் கைவழியாக இந்தக் கறி இங்கிலாந்து வரைக்கும் போய்ச் சேர்ந்தது. பின்னாளில் அங்கே உணவகங்களில் ஆட்டுக்கறியிலும் கோழியிலும் உருளைக்கிழங்கு போட்டு, காரத்துக்குப் பெயர்போன ஒன்றாக அதை ஆக்கிவிட்டார்கள். அது விரும்புகிறவர்களுக்கு இருக்கட்டும். கோவா விந்தாலு அது அல்ல.

வினிகர்

மாப்புசா வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனால் பழைய மதுப் புட்டிகளில் வினிகரை நிரப்பி வரிசையாக வைத்திருப்பார்கள். சில புட்டிகளில் இளநீர்போல் கலங்கலாக இருக்கும்; சிலவற்றில் வெளிர் பழுப்பு. கலங்கலானது புதிது, பழுப்பேறியது நாள்பட்டது. அடியில் மெல்லிய வண்டல் தங்கியிருக்கும். அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை. காடி இயற்கையாகப் புளித்தால் வண்டல் தங்கும். தென்னையிலிருந்து இறக்கும் கள்ளைக் கொங்கணியில் சூர் என்கிறார்கள். கள்ளில் உள்ள சர்க்கரை முதலில் சாராயமாக மாறும். பிறகு காற்றுப் படப்பட ஒருவகை நுண்ணுயிர் அந்தச் சாராயத்தை அசெட்டிக் அமிலமாக மாற்றும். இது வாரக்கணக்கில் மெதுவாக நடப்பதால் புளிப்போடு ஒரு மணமும் மெல்லிய இனிப்பும் சேர்ந்துகொள்கின்றன. தொழிற்சாலையில் செய்த அமிலத்தைத் தண்ணீரில் கலந்தால் இந்த மணம் வராது.

தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கிறது. அதனால் அசல் கள் வினிகருக்குக் கோவாவில் இருக்கும் நண்பரையோ இணையக் கடையையோதான் நம்ப வேண்டும். தேங்காய் வினிகர் என்று எழுதிய புட்டி பெரிய கடைகளில் கிடைக்கிறது; அதுவே போதும். இலங்கையில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, அங்கே தென்னை வினிகர் அன்றாடச் சமையல் பொருள்.

எதை வாங்கினாலும் புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். நம் நாட்டு உணவுச் சட்டப்படி வினிகரில் குறைந்தது 3.75 சதவீதம் அசெட்டிக் அமிலம் இருக்க வேண்டும். புளிக்கவைத்து எடுத்ததற்கும் செயற்கையாகக் கலந்ததற்கும் அளவு ஒன்றுதான். ஆனால் செயற்கை வினிகர் என்றால் அதை வெளிப்படையாக அச்சிட்டிருக்க வேண்டும். மளிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் கண்ணாடிபோல் தெளிந்த வெள்ளை வினிகர் பெரும்பாலும் இந்த வகைதான். ஊறுகாய்க்கோ சில்லி சாஸுக்கோ அது பரவாயில்லை. விந்தாலுவில் ஊற்றினால் மூக்கைத் துளைக்கும் ஒரு கூர்மை கடைசிவரை அடங்காது. தேங்காய் வினிகர் அகப்படாவிட்டால் ஆப்பிள் சைடர் வினிகர் வாங்குங்கள். அது பொதுவாக 5 சதவீதம் இருக்கும் என்பதால் நான்கு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு கொதித்து ஆறிய நீர் கலந்து பயன்படுத்துங்கள். அரைக்கும்போது தண்ணீர் வேண்டாம் என்று சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு.

புளி கரைத்து ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. அசெட்டிக் அமிலம் ஆவியாகும் தன்மை உள்ளது. அடுப்பில் வேக வேக அதன் கூர்மை பறந்துபோய் மென்மையான புளிப்பு மட்டும் கறிக்குள் நிற்கும். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் ஆவியாகாது. குழம்பு சுண்டச் சுண்ட புளிப்பு ஏறிக்கொண்டே போகும். புளி ஊற்றினால் கிடைப்பது நல்ல பன்றிக்குழம்பாக இருக்கலாம், விந்தாலுவாக இருக்காது. குடகில் செய்யும் பந்திக் கறியில் கச்சம்புளி என்ற கருப்பான பழக்காடி ஊற்றுவார்கள். அதுவும் அருமையான கறிதான். ஆனால் அதன் போக்கே வேறு. அதையும் இதையும் கலக்க வேண்டாம்.

கறி வாங்குவது

கொழுப்பில்லாத கறியில் விந்தாலு செய்வது பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு. இதற்கு ஏற்றது முன்சப்பை. தசைக்கு இடையிடையே கொழுப்பும் சவ்வும் ஓடியிருக்கும். அந்தச் சவ்வில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மெல்லிய தீயில் நீண்ட நேரம் வெந்தால் கரைந்து பசையாகிக் குழம்புக்குக் கெட்டித்தன்மை தரும். தொடைப் பகுதி பார்க்க அழகாக இருக்கும், வெந்தால் நார்நாராகப் போகும். முன்சப்பை முக்கால் கிலோ, வயிற்றுப்பகுதி கால் கிலோ என்று கலந்து வாங்கினால் இன்னும் நல்லது.

கறிக்கடையில் இப்படிக் கேளுங்கள்: “அண்ணே, முன்சப்பையில முக்கா கிலோ, வயித்துக்கறி கால் கிலோ. தோல் வேணாம், கொழுப்ப மட்டும் எடுத்துடாதீங்க. துண்டு கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்.” கடைசி வாக்கியத்தைச் சொல்ல மறக்காதீர்கள். வறுவலுக்குப் போடுகிற மாதிரி சின்னச் சின்னதாக நறுக்கிவிடுவார்கள். விந்தாலுவுக்குத் துண்டு ஒன்றரை அங்குலம் இருக்க வேண்டும். வினிகரில் ஊறி ஒன்றரை மணி நேரம் வெந்த பிறகு அது கணிசமாகச் சுருங்கும்.

பன்றிக்கறி விஷயத்தில் சுத்தத்தைப் பற்றி மழுப்பாமல் பேசிவிடலாம். பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்த வெண்பன்றியின் கறியையே வாங்குங்கள். எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரரிடம் கேட்கத் தயங்காதீர்கள். தெருவில் திரிந்த பன்றியின் தசையில் நாடாப்புழுவின் கட்டிகள் இருக்க வாய்ப்பு உண்டு. வெட்டிய தசையில் அரிசிமணி அளவில் வெள்ளையாக நீர் கோத்த கொப்புளங்கள் தெரிந்தால் அந்தக் கறியைத் தொடாதீர்கள். வினிகரில் ஊறினால் புழு செத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது தவறு. முழுதாக வேகவைப்பதுதான் பாதுகாப்பு. விந்தாலு கொதிநிலையை ஒட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகும் கறி என்பதால் அந்தக் கவலை சமைத்த பிறகு இல்லை. ஊறும் கறியைத் தொட்ட கை, கத்தி, வெட்டுப்பலகை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே மற்ற வேலை.

மிளகாயும் மற்றவையும்

நிறத்துக்கு ஒரு மிளகாய், காரத்துக்கு ஒரு மிளகாய் என்று நாம் பழகியவர்கள். விந்தாலுவில் நிறம் தரும் மிளகாயை மட்டும் எடுத்தாலே போதும். கோவாவிலேயே கோலா, ஹர்மல், ஆல்டோனா என்று ஊர்ப்பெயர் சொல்லி மிளகாய் விற்பார்கள். அவை வெளியூரில் சுலபமாகக் கிடைப்பதில்லை. காஷ்மீரி மிளகாய் நன்றாக இருக்கும். கர்நாடகத்தின் பேடகி மிளகாயும் அதே அளவுக்குச் சிறப்பு. பேடகியில் டப்பி, கட்டி என்று இரண்டு வகை உண்டு. குண்டாகவும் சுருக்கம் அதிகமாகவும் இருக்கும் டப்பியைக் கேட்டு வாங்குங்கள். நிறம் அதிகம், காரம் குறைவு. காரம் வேண்டும் என்பவர்கள் குண்டூர் மிளகாயில் இரண்டோ மூன்றோ சேர்த்துக்கொள்ளலாம். பாக்கெட் மிளகாய்த்தூளை இந்தக் கறிக்குக் கொண்டுவராதீர்கள். முழு மிளகாயை வினிகரில் ஊறவைத்து அரைத்தால் வரும் வழவழப்பு தூளில் வரவே வராது.

6 பேருக்குப் போதுமான அளவு இது:

பன்றிக்கறி – 1 கிலோ
காஷ்மீரி அல்லது பேடகி மிளகாய் – 14
பூண்டு – 15 பல்
இஞ்சி – ஒன்றரை அங்குலம்
சீரகம் – ஒன்றரை தேக்கரண்டி
மிளகு – 1 தேக்கரண்டி
கிராம்பு – 6
பட்டை – 2 அங்குலம்
கடுகு – அரை தேக்கரண்டி (விரும்பினால்)
மஞ்சள்தூள் – அரை தேக்கரண்டி
தேங்காய் வினிகர் – 125 மில்லி
உப்பு – இரண்டரை தேக்கரண்டி
வெல்லம் அல்லது சர்க்கரை – 1 தேக்கரண்டி
பெரிய வெங்காயம் – 2
எண்ணெய் – 2 மேசைக்கரண்டி

வெல்லம் எதற்கு என்று தோன்றலாம். இனிப்புக்காக அல்ல, வினிகரின் முனையை மழுக்குவதற்காக. கோவாவில் தென்னை வெல்லத்தைக் கருப்பாகக் கூம்பு வடிவில் விற்பார்கள், அதைத்தான் கிள்ளிப் போடுவார்கள். நம்மிடம் கருப்பட்டி இருந்தால் அதுவே நல்லது.

வெங்காயம் பற்றி வீட்டுக்கு வீடு கருத்து மாறும். வெங்காயம் சேர்த்தால் கறி அத்தனை நாள் தாங்காது என்று பழைய வீடுகளில் அதைத் தொடுவதில்லை. வெங்காயம் போட்டால் குழம்பு கொஞ்சம் கூடும், இனிப்பும் சேரும். இரண்டு மூன்று நாளில் காலியாகப்போகும் கறிக்கு வெங்காயம் போடலாம் என்பது என் கட்சி. அளவு மட்டும் இரண்டைத் தாண்ட வேண்டாம்.

அரைப்பதும் ஊறவைப்பதும்

மிளகாயின் காம்பைக் கிள்ளி விதையை உதறிவிடுங்கள். விதை நின்றால் குழம்பு திப்பிதிப்பியாக இருக்கும். மிளகாயை 75 மில்லி வினிகரில் போட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். தோல் மெத்தென்று ஆனதும் சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை, கடுகு, மஞ்சள், பூண்டு, இஞ்சி எல்லாவற்றையும் சேர்த்து மிக்ஸியில் அரையுங்கள். எதையும் வறுக்க வேண்டாம். நமக்குக் கை தானாக வாணலியைத் தேடும், அடக்கிக்கொள்ளுங்கள். வறுத்து அரைத்தால் செட்டிநாட்டு வாசனை வந்து விந்தாலுவின் பச்சை மணம் போய்விடும். இங்கே மசாலாவைப் பக்குவப்படுத்தும் வேலையை வினிகரும் நேரமும் செய்துகொள்ளும்.

மிக்ஸி ஓட மறுத்தால் மீதி வினிகரிலிருந்து ஒரு கரண்டி ஊற்றுங்கள். இடையிடையே நிறுத்தி ஓரங்களை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். விழுதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்துப் பாருங்கள். மிளகாய்த்தோலின் செதில் ஒன்றுகூட விரலில் நெருடக் கூடாது. குங்குமக் குழம்பு மாதிரி வழவழவென்று விரலில் சிவப்பு ஏற வேண்டும். அந்தப் பதம் வரும்வரை அரைப்பதில் சோம்பல் கூடாது. திப்பியான விழுது கறியோடு சேராமல் தனியாக நிற்கும்.

கறியைக் கழுவினால் நீரை ஒட்ட வடியவிட்டு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் மசாலா வழுக்கிக் கீழே இறங்கிவிடும். உப்பையும் ஒரு மேசைக்கரண்டி வினிகரையும் முதலில் கறியில் பிசறி 10 நிமிடம் வைத்துவிட்டு, பிறகு விழுதைப் போட்டு ஒவ்வொரு துண்டிலும் படும்படி பிசையுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மிளகாயும் வினிகரும் சேர்ந்தால் எரிச்சல் தாங்காது.

எந்தப் பாத்திரத்தில் ஊறவைக்கிறீர்கள் என்பது முக்கியம். கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் மூன்றும் பாதுகாப்பானவை. அலுமினியத்திலும் ஈயம் பூசாத பித்தளை, செம்பிலும் வைக்கவே கூடாது. வினிகர் உலோகத்தை அரிக்கும். சுவையும் கெடும், உடம்புக்கும் ஆகாது. பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் மசாலாவின் சிவப்பும் வாசனையும் டப்பாவை விட்டு எளிதில் போகாது.

மூடி, குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். நான்கு மணி நேரத்தில் சமைத்துவிடலாம் என்று எழுதியிருக்கும் குறிப்புகளை நம்பாதீர்கள். அதற்குள் புளிப்பு துண்டின் மேற்பரப்பைத் தாண்டியிருக்காது. அதேபோல மூன்று நாள் ஊறவைப்பதும் நல்லதல்ல. அமிலம் நெடுநேரம் பட்டால் மேல்தசை மாவாகி, வேகும்போது உதிர ஆரம்பிக்கும். 12 முதல் 24 மணி நேரம் சரியான அளவு.

அடுப்பில்

சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கறியை வெளியே எடுத்துவையுங்கள். அடிகனமான எவர்சில்வர் பாத்திரமோ நன்கு பழகிய மண்சட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். கோவாவில் மண்சட்டியில் செய்வதைத்தான் பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்கள். இரும்புச் சட்டி வேண்டாம், குழம்பு கறுத்து இரும்பு வாசனை அடிக்கும்.

எண்ணெய் இரண்டே மேசைக்கரண்டி. கறியிலிருந்து எவ்வளவு கொழுப்பு இறங்கப்போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். பொடியாக நறுக்கிய வெங்காயத்தை நடுத்தரத் தீயில் வதக்குங்கள். கண்ணாடிப் பதத்தில் நிறுத்திவிடாமல் ஓரம் பொன்னிறமாகும் வரை போக வேண்டும். பிறகு கறியைப் போட்டு, மசாலா ஒட்டிய பாத்திரத்தை அப்படியே வையுங்கள், கழுவிவிடாதீர்கள்.

இந்த நேரத்தில் சமையலறை முழுக்க வினிகர் நெடி கிளம்பும். சன்னலைத் திறந்துவிட்டுக் காத்திருங்கள். முதல்முறை செய்கிறவர்கள் இங்கேதான் பயந்து தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். 10 நிமிடம் பிரட்டிக்கொண்டே இருந்தால் பச்சைக்கறியின் நிறம் மாறும், கொழுப்பு உருக ஆரம்பித்துச் சட்டியின் ஓரத்தில் சிவப்பு எண்ணெய் மின்னும். அப்போது மசாலாப் பாத்திரத்தில் அரை டம்ளர் வெந்நீர் ஊற்றி அலசி அதைச் சேருங்கள். சேர்க்கும் தண்ணீர் அவ்வளவுதான். மிச்சம் இருக்கும் வினிகரையும் வெல்லத்தையும் போட்டு மூடித் தீயை மிகவும் குறைத்துவிடுங்கள்.

குழம்பு தளதளவென்று கொதிக்கக் கூடாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ் வந்து உடைகிற அளவுக்குத் தீ இருந்தால் போதும். கால் மணிக்கு ஒருமுறை அடியோடு கிளறிவிடுங்கள். கறியே தண்ணீர் விடும். நடுவில் குழம்பு அதிகமாகத் தெரிந்து பிறகு சுண்டும். முதல் அரை மணி நேரம் ருசி பார்க்க வேண்டாம். அப்போது பார்த்தால் புளிப்பு தூக்கலாக இருக்கும், நீங்கள் சர்க்கரையைக் கொட்டிவிடுவீர்கள். ஒன்றேகால் மணி நேரத்தில் ஒரு துண்டை எடுத்துக் கரண்டியின் விளிம்பால் அழுத்துங்கள். தசை இரண்டாகப் பிரிய வேண்டும், ஆனால் துண்டு வடிவம் கலையாமல் நிற்க வேண்டும். பிரியவில்லையானால் இன்னும் கால் மணி நேரம் விடுங்கள். கடைசியில் மூடியைத் திறந்து 5 நிமிடம் வைத்தால் மசாலா கறியைப் பற்றிக்கொள்ளும், மேலே எண்ணெய் மிதக்கும். சோற்றில் ஊற்றிப் பிசையும் அளவுக்குத் தண்ணீராக இருக்கக் கூடாது, வறுவல்போல் உலரவும் கூடாது.

நேரமில்லாதவர்கள் எவர்சில்வர் குக்கரில் செய்யலாம். கறியைப் பிரட்டிய பிறகு கால் டம்ளர் வெந்நீர் மட்டும் விட்டு, ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து 10 நிமிடம் வைத்து இறக்குங்கள். ஆவி அடங்கியதும் திறந்து, சிறு தீயில் சுண்டவிடுங்கள். குக்கரில் வினிகரின் ஆவி உள்ளேயே அடைபடுவதால் கூர்மை சற்றுக் கூடுதலாக நிற்கும். திறந்த பிறகு சுண்டவைக்கும் நேரத்தில்தான் அது அடங்கும், அந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

உப்பும் புளிப்பும் சரிபார்ப்பது கறி வெதுவெதுப்பாக ஆறிய பிறகு. புளிப்பு போதவில்லை என்று தோன்றினால் ஒரு தேக்கரண்டி வினிகர் விட்டு இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். பச்சை வினிகரை மேலே ஊற்றி அப்படியே பரிமாறுவது தவறு. புளிப்பு மிஞ்சிவிட்டால் இன்னும் ஒரு சிட்டிகை வெல்லம். அதற்கும் அடங்காவிட்டால் விட்டுவிடுங்கள், மறுநாள் அது தானாகவே தணியும்.

மறுநாள்

சமைத்த அன்றே விந்தாலுவைச் சாப்பிட்டு முடித்துவிட்டால் அதன் முழுச் சுவை என்னவென்று தெரியாமலே போய்விடும். இறக்கிய அன்று வினிகர் தனியாக, மிளகாய் தனியாக, கறி தனியாக நாக்கில் தெரியும். ஓர் இரவு போனால் மூன்றும் ஒன்றாகிவிடும். இதைக் கோவாக்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள், உண்மையும் அதுதான். பண்டிகைக்கு ஒரு நாள் முன்பே சமைத்துவைப்பது அதனால்தான்.

ஆறியதும் எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் பார்த்தால் மேலே செம்மஞ்சள் நிறத்தில் கொழுப்பு ஓர் ஆடையாக உறைந்திருக்கும். பலர் அதை வழித்து எறிந்துவிடுகிறார்கள். மிளகாயின் நிறமும் பூண்டின் வாசனையும் அந்தக் கொழுப்பில்தான் இறங்கியிருக்கின்றன. காற்றுப் படாமல் கறியைக் காப்பதும் அதுதான். மருத்துவர் கொழுப்பைக் குறைக்கச் சொன்னவர்கள் பாதியை எடுத்துவிடுங்கள், மற்றவர்கள் அப்படியே விட்டுச் சூடாக்குங்கள். தேவையான அளவை மட்டும் எடுத்துச் சிறு தீயில் நன்றாகக் கொதிக்கவையுங்கள். முழுப் பாத்திரத்தையும் தினம் எடுத்துச் சூடாக்கி மறுபடி உள்ளே வைத்தால் துண்டுகள் உடைந்து கூழாகும்.

அந்தக் காலத்தில் மண்சட்டியை அடுப்பங்கரையிலேயே வைத்து நாளுக்கு ஒருமுறை கொதிக்கவிட்டு நாள்கணக்கில் சாப்பிட்டார்கள். உப்பும் வினிகரும் தூக்கலாக இருந்த கறி அது. மேலே கொடுத்திருக்கும் அளவு அந்த அளவுக்கு உப்பும் புளிப்பும் கொண்டதல்ல, வெங்காயமும் இருக்கிறது. ஆகவே வெளியே வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் நன்றாக இருக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் உறைபெட்டியில் சிறு சிறு டப்பாக்களாகப் போட்டுவையுங்கள்.

கோவாவில் இதற்குத் துணை பாவ் ரொட்டியும், தவிடு தூவிச் சுட்ட போய் ரொட்டியும். விருந்து என்றால் சன்னா. அரிசிமாவைக் கள் விட்டுப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைப்பது. நம் வீட்டில் அதற்கு மாற்று தேடி அலைய வேண்டாம். மல்லிகைப்பூ இட்லி அந்த வேலையை நன்றாகவே செய்யும். விந்தாலுவின் கெட்டிக் குழம்பை இட்லி உறிஞ்சுவதுபோல் சப்பாத்தி உறிஞ்சாது. சோறு என்றால் புழுங்கல் அரிசிச் சோறு. கூடவே ஒரு வெள்ளரித் துண்டும் பச்சை வெங்காயமும் இருந்தால் போதும், இன்னொரு காரக்கறி வைக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் விருந்து வைப்பதாக இருந்தால் வெள்ளிக்கிழமை காலையில் கறி வாங்கி அன்றே மசாலாவில் ஊறவையுங்கள். சனிக்கிழமை காலையில் அடுப்பில் ஏற்றி, ஆறியதும் மூடி வைத்துவிடுங்கள். ஞாயிறு காலை உங்களுக்கு மிச்சமிருக்கும் வேலை இட்லி ஊற்றுவதும் கறியைச் சூடாக்குவதும் மட்டும்தான்.